ஆஃப் ஆயிடுச்சு

டீசல் மிச்சம் பிடிக்கப் போய்ப் பெற்ற மகளையும் கொன்று தானும் செத்தவர் என்றுதான் என் கணவரை இந்த ஊர் நினைவு வைத்திருக்கிறது. மலையிலிருந்து இறங்கும்போது எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியைச் சும்மா உருளவிடுவது எங்கள் பக்கம் பலரும் செய்கிற காரியம். லாரிக்காரர்கள் செய்வார்கள், வேன்காரர்கள் செய்வார்கள். செய்துவிட்டு ஒழுங்காக வீடு வந்து சேருகிறவர்களை யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

அவர் அதைச் செய்யவில்லை. நான் அந்த வண்டியின் பின் இருக்கையில் இருந்தேன்.

அவர் பெயர் ஜுல்பிகர். கள்ளக்குறிச்சியில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் நோட்டு, பேனா, அட்டை விற்கும் கடை வைத்திருந்தார். சிக்கனமானவர். அதை மறைக்க எனக்குக் காரணம் எதுவும் இல்லை. பார்சல் வந்த சணலை அவிழ்த்து, முடிச்செல்லாம் நீக்கி, உருண்டையாகச் சுற்றி வைப்பார். பேனா எழுதுகிறதா என்று வாடிக்கையாளர் கிறுக்கிப் பார்க்கும் காகிதத்தின் மறுபக்கத்தில்தான் எங்கள் வீட்டு மளிகைச் சாமான் எழுதப்படும். தெருவில் 'கஞ்ச பாய்' என்றால் அவர்தான். அவர் காதுபடவே சொல்வார்கள். அவரும் சிரித்துக்கொண்டே, "கஞ்சன்தான். ஒன்கிட்ட கடன் கேட்டனா?" என்பார். பிறகு அந்தப் பெயர் என்ன வேலை செய்யும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

கார் வாங்கலாம் என்று தொடங்கியது எங்கள் மகள் பாயிஸா. முடித்துவைத்தது என் அண்ணன் தாஜுதீன். அண்ணன் தன்னுடைய பழைய காரைக் கலீலுல்லா பாய் மூலமாக விற்றிருந்தார். நல்லபடியாக விற்றுக் கொடுத்தார் என்று அவர்மேல் அண்ணனுக்கு ஒரு மதிப்பு. சேலம் ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு, பழைய கார்களைக் கழுவித் துடைத்து வரிசையாக நிறுத்தி விற்பவர் கலீல் பாய். எங்கள் பள்ளிவாசலில் முன்வரிசைக்காரர். கடைத்தெருவில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் போய் நிற்பார்.

கார் பார்க்க நாங்கள் நாலு பேரும் போனோம். வெள்ளைக் கார். உள்ளே புது உறை போட்ட இருக்கைகள், ஸ்டீயரிங்குக்கும் புது உறை.

"டாக்டரம்மா வண்டி தங்கச்சி," என்றார் கலீல் பாய் என்னிடம். "வூட்லேர்ந்து கிளினிக்கு, கிளினிக்லேர்ந்து வூடு. அவ்ளோதான் ஓட்டம். ஞாயித்துக்கெழம அதுவும் கெடையாது."

"ஞாயித்துக்கெழம சினிமாக்கு போயிருக்க மாட்டாங்களா?" என்றாள் பாயிஸா.

"போவாத டாக்டரம்மா! அதான வெல கொஞ்சம் ஜாஸ்தி."

எல்லாரும் சிரித்தோம். அண்ணன் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து என் கணவரை உட்கார வைத்தார். "மச்சான், பெயின்ட்ட கியின்ட்ட பாக்காத. மொதல்ல மீட்டரப் பாரு," என்றார். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். நாற்பதாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் காட்டியது. ஓடாத வண்டி என்று அர்த்தம். அண்ணன் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நல்ல இடத்துக்குக் கூட்டிவந்தேன் பார் என்கிற மாதிரி.

முன்பக்கம் கண்ணாடிக்குக் கீழே, கறுப்புப் பலகையில், ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக வட்டமாக ஓர் அடையாளம் இருந்தது. சாமி பொம்மை ஒட்டி எடுத்த தடம். மற்ற இடமெல்லாம் வெயிலில் வெளுத்திருக்க, அந்த வட்டம் மட்டும் கருகருவென்று இருந்தது. "பக்தியான டாக்டர் போல," என்றார் இவர். அவ்வளவு வெளுக்க எத்தனை வருஷ வெயில் வேண்டும் என்று எங்கள் நாலு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பாயிஸா பிறகு அந்த வட்டத்தின்மேல்தான் தன் முடி கிளிப்பைக் கழற்றி வைப்பாள். சரியாகப் பொருந்தும்.

அவர் வண்டி ஓட்டியதைப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். சாலையைப் பார்க்கிற அளவுக்கு மீட்டரையும் பார்ப்பார். "அத்தா, மீட்டர் எங்கயும் ஓடிப் போவாது. ரோடப் பாருங்க," என்பாள் மகள். வண்டியோடு ஆங்கிலத்தில் ஒரு கையேடு கொடுத்திருந்தார்கள். கடையிலிருந்து பிரவுன் தாள் கொண்டுவந்து பாடப்புத்தகம் மாதிரி அதற்கு அட்டை போட்டார். இரவுச் சாப்பாடு முடிந்ததும் பாயிஸாவைப் படிக்கச் சொல்லித் தமிழில் கேட்டுக்கொள்வார். எத்தனை கிலோமீட்டரில் ஆயில் மாற்ற வேண்டும், எத்தனையில் பிரேக் பார்க்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. எஞ்சினுக்குள் ஒரு பெல்ட் ஓடுகிறது, லட்சத்தை நெருங்கும்போது அதைக் கட்டாயம் மாற்றிவிட வேண்டும், அறுந்தால் எஞ்சின் நின்றுவிடும் என்றும் ஒரு பக்கத்தில் இருந்தது. அதை இரண்டு முறை படிக்கச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

"நம்மளுது இன்னும் பாதிகூட ஓடல," என்றார். "நீ காலேஜ் முடிக்கறப்ப மாத்திக்கலாம்."

கஞ்சன்தான். ஆனால் கையேடு சொன்ன எதையும் அவர் தள்ளிப்போட்டதில்லை. ஆயில் மாற்ற வேண்டிய கிலோமீட்டர் வருவதற்கு முன்பே கடையை என்னிடம் விட்டுவிட்டு மெக்கானிக்கிடம் போய் நின்றுவிடுவார். சிக்கனக்காரன் ஒரு பொருளைக் காப்பாற்றுகிற மாதிரி வேறு யாரும் காப்பாற்றமாட்டார்கள்.

பாயிஸா பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்ததும் கல்வராயன் மலைக்குப் போக வேண்டும் என்றாள். கூடப் படித்தவர்கள் எல்லாம் போய்விட்டார்களாம். ஏப்ரல் மாதம், அருவியில் தண்ணீர் இருக்காது என்று இவர் சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. காலையில் கரியாலூர் போனோம். படகுத் துறையில் கொஞ்ச நேரம் இருந்தோம். அப்புறம் அருவி. நூல் மாதிரி ஊற்றிக்கொண்டிருந்தது.

"அத்தா, நம்ம வூட்டு மோட்டாரே இதவிட ஜாஸ்தி ஊத்தும்."

"அதுக்குத்தான் சொன்னேன். மோட்டாருக்காவது கரண்ட்டு பில்லு கட்டணும். இது ஓசி. ஓசில இவ்ளோதான் வரும்."

அவள் அந்த நூல் தண்ணீரில் கையை நீட்டி என் முகத்தில் தெளித்தாள். இதையெல்லாம் எழுதுவதால் ஒன்றும் ஆகப்போவதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இறங்கினோம். பாயிஸா முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று கையேட்டில் போட்டிருந்தது. அவர் இரண்டாவது கியரில்தான் வந்தார். எஞ்சின் உறுமிக்கொண்டே வந்தது. எனக்குத் தலை வலித்ததால் அந்தச் சத்தம் எப்போது நிற்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். நின்றது. ஏதோ தட்டின மாதிரி ஒரு சத்தம், பிறகு காற்றின் ஓசை மட்டும்.

அவர் என் பக்கம் பாதி திரும்பி, "அத்தியா, ஆஃப் ஆயிடுச்சு," என்றார்.

பயந்த குரல்கூட இல்லை. வீட்டில் மின்சாரம் போனால் சொல்வது போலச் சொன்னார். கிளட்சை மிதித்துக்கொண்டு, சாவியை மூடி, ஸ்டார்ட் பண்ணத் திருகினார். மறுபடியும் மூடித் திருகினார். அதற்குள் வண்டி வேகம் பிடித்துவிட்டது. பிரேக்கின்மேல் ஏறி நிற்பதுபோல அழுத்தினார். கால் உள்ளே போகவில்லை. எஞ்சின் நின்றால் பிரேக் கல் மாதிரி இறுகிவிடும் என்று எனக்குப் பிற்பாடு சொன்னார்கள். வளைவு வந்தது. பாயிஸா ஸ்டீயரிங்கை அவரோடு சேர்ந்து பிடித்துத் திருப்பப் பார்த்தாள். இரண்டு பேருடைய கையும் அதில் இருந்தது. அதற்குமேல் எனக்குத் தெரியாது.

வளைவில் பலாச்சுளை விற்றுக்கொண்டிருந்த பாப்பாத்தி என்கிற மலைக்காரப் பெண்தான் முதலில் பள்ளத்துக்குள் இறங்கி வந்தாள். என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, தன் சேலையைக் கிழித்துக் கட்டினாள். வந்தவர்களிடமெல்லாம் அவள் சொன்னது ஒன்றுதான்: "சத்தமே கேக்கலீங்க. காத்தாட்டம் வந்துச்சு."

அவள் பொய் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். ஆனால் அந்த ஒரு வரி, இரண்டு பேருடைய மய்யித்தும் அடக்கத்துக்கு ஊர் வந்து சேரும் முன்பே ஊருக்கு வந்துவிட்டது. சத்தம் இல்லாமல் வந்தது என்றால் எஞ்சினை நிறுத்தியிருக்கிறார். சாவியும் மூடின நிலையில் இருந்ததாம், தூக்கப் போனவர்கள் பார்த்தார்களாம். ஓட்டினது யார்? கஞ்ச பாய். அவ்வளவுதான். யாரும் உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

"ஆஃப் ஆயிடுச்சு" என்று அவர் சொன்னது "ஆஃப் பண்ணிட்டான்" என்று ஆகிவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் இத்தா இருந்தேன். கணவனை இழந்தவள் வெளியே போகாமல் வீட்டோடு இருக்கிற காலம் அது. பெண்கள் வந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னா மிச்சம் ஆச்சு சொல்லு, அந்த டீசல்ல?" என்று அழுதார்கள். என்னைச் சமாதானப்படுத்துவதாக நினைத்துத்தான் கேட்டார்கள். நான் ஒவ்வொருத்தியிடமும், அவர் நிறுத்தவில்லை, தானாக நின்றது என்று சொன்னேன். "சரிம்மா, சரிம்மா," என்று முதுகைத் தடவினார்கள்.

அண்ணன் தடவவும் இல்லை. பாயிஸாவைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அவர். அவருக்குப் பெண் பிள்ளை கிடையாது. "அவன் பேர என் முன்னால எடுக்காத," என்றார். "என் கொழந்தய பத்து ரூவா டீசலுக்கு வித்துட்டான்."

"அண்ணே, நான் வண்டில இருந்தேன்."

"நீ பின்னால இருந்த. ஒனக்கு இன்னா தெரியும்?"

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் அண்ணன் இரண்டு பேரையும் அடக்கம் செய்த கபரஸ்தானுக்குப் போவார். பாயிஸாவின் கப்ரு முன்னால் நின்று நெடுநேரம் கையேந்தி ஓதுவார். பக்கத்திலேயே இவருடைய கப்ரு. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் நடக்கிற இடம்தான். அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் வந்துவிடுவார். எங்களில் பெண்கள் அங்கே போவதில்லை. கபரஸ்தானைப் பார்த்துக்கொள்கிறவரின் மனைவி பிள்ளைகளுக்குப் பென்சில் வாங்க எங்கள் கடைக்கு வருவாள். அவள்தான் சொன்னாள். "பாப்பா கபுரு புல்லு இல்லாம சுத்தமா கெடக்கும்மா. பாய் கபுருதான் முள்ளு மொளச்சுக் கெடக்கு. ஒங்க அண்ணன் அந்தாண்ட கால வைக்கறதில்ல."

இத்தா முடிந்து நான் கடையைத் திறந்தேன். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அண்ணன் ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பக்கமும் திரும்பி நின்று ஒரு தடவை கையேந்த வேண்டும். ஊர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். அந்த ஒரு ஆளாவது நம்ப வேண்டும்.

மழைக்காலத்தில் ஒரு நாள் அஜித்குமார் என்று ஒருவர் கடையைத் தேடிக்கொண்டு வந்தார். சுற்றுலா வேன் ஓட்டுகிறவர். நொறுங்கின எங்கள் வண்டி மலையடிவாரத்தில் ஒரு பழைய இரும்புக் கடை வாசலில் கிடந்திருக்கிறது. மலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போய் வரும்போதெல்லாம் பார்த்திருக்கிறார். ஒரு நாள் வேனை நிறுத்தி இறங்கிப் போய்ப் பார்த்து, யாருடைய வண்டி என்று விசாரித்து என்னிடம் வந்தார்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. அந்த வண்டிய நான் ஓட்டிக்கினு இருந்தேன். நம்பர் பாத்தேன், நம்ம வண்டியாச்சேன்னு தோணுச்சு. முன்னால வட்டமா ஒரு தடம் இருக்கும், பாத்திருப்பீங்க. நான் ஒட்டன புள்ளையாரு அது."

"டாக்டரம்மா ஒட்டினது இல்லியா?" என்றேன்.

"எந்த டாக்டரம்மா? கம்பெனி வண்டிக்கா அது. சேலத்துக்கும் மெட்ராஸுக்கும் ஆபீசருங்கள ஏத்திக்கினு ஓடிக்கினே இருக்கும். நானும் இன்னொரு ஆளும் மாத்தி மாத்தி ஓட்டுவோம். ரெண்டு லட்சத்த தாண்டி ஓடிச்சுக்கா."

எங்கள் மீட்டரில் நாற்பதாயிரம் என்றேன்.  அவர் கல்லாவின்மேல் இருந்த ஒரு பேனாவை எடுத்து மூடியைத் திறந்து திறந்து மூடினார்.

"எறக்கிட்டானுங்க," என்றார். "ஓடன கணக்க கொறச்சுக் காட்ட மீட்டர எறக்கிட்டானுங்க. பெல்ட்ட ஒரு தபா மாத்தி ஓட்டினோம். மறுபடி மாத்தற நேரம் வந்துச்சு, அப்பதான் வித்துட்டாங்க. வாங்கறவங்க மாத்திக்குவாங்கன்னு நெனச்சேன். அந்த இரும்புக் கடக்காரன் எஞ்சினப் பிரிச்சுப் போட்டிருக்கான், பாத்தேன். பெல்ட்டு பிஞ்சு நார் நாரா கெடக்கு. ஓட்டனவரு பாவம்க்கா. அது அறுந்தா யாரும் ஒண்ணும் பண்ண முடியாது."

ஓட்டினவர் பாவம். அந்தச் சொல்லை முதல் தடவையாக ஒருவர் வாயால் கேட்டேன். கடையில் ஆள் இருந்தார்கள். நான் உள்ளே போய் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் நின்று அழுதேன்.

அன்று சாயங்காலமே அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் பாதியிலேயே எழுந்துவிட்டார். "செத்தவன காப்பாத்தறதுக்கு ரோட்ல போற டிரைவரயெல்லாம் புடிச்சுக்கினு வர்றியா? கலீல் பாய் அந்தமாரி ஆளு இல்ல. மய்யித்துக்கு மொதல்ல தோள் குடுத்தவரு யாரு? ஒனக்கு மூணு நாளு சோறு எந்த வூட்லேர்ந்து வந்துச்சு?"

அது உண்மை. என் கணவரின் சந்தூக்குப் பெட்டியைத் தூக்கினவர்களில் கலீல் பாய் முதல் ஆள். ஆஸ்பத்திரிக்கு எனக்குச் சோறு அவர் வீட்டிலிருந்துதான் வந்தது. நான் சாப்பிட்டேன்.

கலீல் பாய்க்கும் சொல்லி அனுப்பினேன். வரவில்லை. அதற்குப் பிறகு எங்கள் கடைத்தெரு வழியாக அவர் போவதையே நிறுத்திவிட்டார். பள்ளிவாசலுக்குப் பின் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறார் என்று சொன்னார்கள்.

மறுவருஷம் அவருக்கு ஹஜ் வாய்த்தது.

ஹஜ்ஜுக்குக் கிளம்புகிறவர்கள் அதற்கு முன்னால் வீடுவீடாகப் போவது எங்கள் வழக்கம். சொந்தக்காரர், அண்டை வீட்டார், கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொண்டவர்கள், யாரையும் விடக்கூடாது. "தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாச்சும் தப்பு ஆயிருந்தா ஹலால் பண்ணிடுங்க," என்று கேட்பார்கள். மன்னித்து விட்டுவிடுங்கள் என்று பொருள். மனிதர்களுக்குச் செய்ததை மனிதர்கள்தான் மன்னிக்க வேண்டும். அங்கே போய் எத்தனை அழுதாலும் அது அப்படியே நிற்கும் என்பது நம்பிக்கை. கேட்கப்பட்டவர்கள், "ஹலால் பண்ணிட்டோம், எங்களுக்கு துஆ செய்ங்க," என்று சொல்லி, ஏதாவது இனிப்பு கொடுத்து அனுப்புவார்கள். என்ன தப்பு என்று யாரும் கேட்பதில்லை.

கலீல் பாய் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தார். தனியாக வர முடியாமல் என் அண்ணனையும் கூட்டிவந்திருந்தார். இருவரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். நான் உள் வாசலில் திரைக்குப் பக்கத்தில் நின்றேன். கலீல் பாய் இளைத்திருந்தார். தாடி நன்றாக வெளுத்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன். குடித்தார்.

"சனிக்கெழம கெளம்பறேன் தங்கச்சி. தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாச்சும் தப்பு ஆயிருந்தா ஹலால் பண்ணிடுங்க."

"இன்னா தப்பு பாய்?" என்றேன்.

"அத்தியா," என்றார் அண்ணன்.

"இல்லண்ணே. இன்னான்னு தெரிஞ்சாதான ஹலால் பண்ண முடியும்?"

கலீல் பாய் சிரிக்கப் பார்த்தார். "பொதுவா கேக்கறதுதான தங்கச்சி. எல்லா வூட்லயும் இப்டியேதான் கேட்டுக்கினு வரேன்."

"எல்லா வூட்லயும் ரெண்டு மய்யித்து போவலியே பாய்."

 அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மறுபடி எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"நடந்தது நடந்துபோச்சு. அல்லாவோட நாட்டம். அந்த மீட்டர் விசயத்துல... ஏதோ கொஞ்சம் முன்ன பின்ன ஆயிருக்கலாம்."

"ஆயிருக்கலாமா?"

அவர் காலித் தம்ளரை எடுத்து மறுபடி கீழே வைத்தார்.

"என் வூட்டுக்காரு ஆஃப் ஆயிடுச்சுன்னு சொன்னாரு பாய். அது அவருக்கு ஆனது. அவரு பண்ணல. ஊரு மொத்தமும் பண்ணிட்டான் பண்ணிட்டான்னு சொல்லுது. நீங்க கையால பண்ணதுக்கு மட்டும் ஆயிடுச்சுன்னு சொல்றீங்க. ஆச்சா, பண்ணீங்களா? அந்த ஒரு வார்த்தைய எங்க அண்ணன் காதுல வுழற மாரி சொல்லுங்க. ஹலால் பண்ணிடறேன்."

இத்தனை வார்த்தைகளை நான் ஓர் ஆண்பிள்ளை முன்னால் அதுவரை பேசியதில்லை.  அண்ணன் என்னைத் தடுக்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டார்.

"பண்ணேன்," என்றார் கலீல் பாய்.

தரையைப் பார்த்துச் சொன்னார். பிறகு அதையே இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். "பண்ணேன் தங்கச்சி. ஒரு பையன் கம்ப்யூட்டர் எடுத்தாந்து ஒயர மாட்டுவான். டீ ஆறறதுக்குள்ள முடிஞ்சுரும். வர்ற வண்டிக்கெல்லாம் பண்றதுதான். நான் பண்ணலன்னா என் வண்டிய எவனும் ஏறெடுத்துப் பாக்கமாட்டான். நம்பர் கம்மியா இருந்தா வாங்கறவனுக்கும் சந்தோசம். அது பெல்ட்டு வரைக்கும் போவும்னு எனக்குத் தோணல. குர்ஆன்மேல சத்தியமா தோணல."

"டாக்டரம்மா?"

"வாய்ல வந்துச்சு," என்றார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "பாப்பா சிரிச்சுக்கினே வந்து நின்னுச்சு இல்ல... வாய்ல வந்துச்சு."

நான் திரையை விட்டு வெளியே வந்து அண்ணனைப் பார்த்தேன். "கேட்டீங்களாண்ணே? எங்க வூட்டுக்காரு நிறுத்தல. கேட்டீங்களா?"

அண்ணனின் முகத்தில் நான் எதிர்பார்த்தது இல்லை. அவர் கலீல் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ வேண்டாம் என்று கேட்கிற பார்வை. ஆனால் கலீல் பாய் அதைக் கவனிக்கவில்லை. சொல்ல ஆரம்பித்துவிட்டவருக்கு நிறுத்த முடியவில்லை.

"தாஜ் பாய்க்குத் தெரியாததா தங்கச்சி? அவரு வண்டிய விக்கறப்ப அவரே சொன்னாரே, கொஞ்சம் எறக்கிடுங்க பாய்னு. விழுப்புரத்துக்காரரு ஒருத்தரு வாங்கினு போனாரு. அவரு நல்லாத்தான் ஓட்டிக்கினு இருக்காரு. ஒண்ணும் ஆவல. எல்லாருக்கும் ஆவறதில்ல."

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு அந்தத் தகரக் கொட்டகை ஞாபகம் வந்தது. 'மொதல்ல மீட்டரப் பாரு' என்று கதவைத் திறந்துவிட்ட கை ஞாபகம் வந்தது.

"அண்ணே," என்றேன்.

"நம்ம ஆளுங்களுக்குப் பண்ண மாட்டாருன்னு நெனச்சேன்," என்றார் அண்ணன். "வெளியூரான் வாங்கற வண்டிக்குத்தான் பண்ணுவாருன்னு நெனச்சேன் அத்தியா."

"வண்டி வந்து எறங்கன அன்னிக்கே பண்ணிட்டேன் பாய்," என்றார் கலீல் பாய் மெதுவாக. "யாரு வாங்குவாங்கன்னு அப்ப எப்டித் தெரியும்?"

விழுப்புரத்துக்காரர் ஒருவர். அவர் வீட்டிலும் முன் இருக்கையில் யாராவது உட்கார்ந்து வருவார்கள். அவரிடம் யாரும் ஹலால் கேட்கப் போகவில்லை. அவர் பெயர்கூட இந்த இரண்டு பேருக்கும் இப்போது ஞாபகம் இருக்குமா என்று தெரியவில்லை.

நான் சொல்ல வேண்டிய முறை. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் ஹலால் பண்ணுகிறேன் என்று நானே வாக்குக் கொடுத்திருந்தேன். அவர் சொல்லிவிட்டார். எனக்கு வாய் வரவில்லை. பிடிவாதம் இல்லை. அந்த நேரத்தில் எனக்குள் கொடுக்கவும் மறுக்கவும் எதுவுமே இருக்கவில்லை.

அண்ணன் எழுந்துவிட்டார். "ஹலால் பண்ணிட்டோம் பாய். போய்ட்டு வாங்க. எங்களுக்கு துஆ செய்ங்க," என்றார். மூச்சு வாங்காமல் சொன்னார். கலீல் பாய் என்னைப் பார்த்தார். நான் பேசமாட்டேன் என்று தெரிந்ததும், கிடைத்ததை எடுத்துக்கொண்டு போகிறவர்போலத் தலையைக் குனிந்துகொண்டு செருப்பை மாட்டிக்கொண்டார். அண்ணன் அவருக்கு முன்பே படியிறங்கியிருந்தார். இரண்டு பேரும் சேர்ந்து வந்தவர்கள், தெருவில் ஆளுக்கொரு பக்கம் போனார்கள்.

கலீல் பாய் ஹஜ் முடித்து வந்துவிட்டார். எல்லா வீட்டுக்கும் மக்காவிலிருந்து கொண்டுவந்த ஜம்ஜம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக்கும் வந்தது. கொட்டகையில் வெள்ளைக் கார்கள் வரிசையாக நிற்கின்றன. மீட்டரை இறக்குகிறாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நம்ம ஆளுங்களுக்கு இல்லை என்று சிலர் சொல்கிறார்கள்.

தெருவில் என் கணவர் பெயர் மாறவில்லை. போன மாதம் கடைக்கு வந்த ஒருவர், நான் யார் என்று தெரியாமல், "கஞ்ச பாய் கட இதான?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அண்ணனை அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு நான் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வேறு பள்ளிவாசலுக்குப் போகிறாராம். நான் இரண்டு தடவை அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணி வாசலிலேயே நிறுத்தி, தூங்குகிறார் என்றாள்.

சென்ற வாரம் கபரஸ்தான்காரரின் மனைவி நோட்டு வாங்க வந்தாள். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், கூட்டமாக இருந்தது. அவள் ஒதுங்கி நின்று எல்லாரும் போகும்வரை காத்திருந்தாள்.

"ஒங்க அண்ணன் இப்ப வர்றதே இல்லம்மா," என்றாள். "பாப்பாகிட்டயும் வர்றதில்ல. மழ பேஞ்சுது இல்ல, முள்ளு ஏறிப்போச்சு. ரெண்டு கபுரும் ஒண்ணாட்டமே கெடக்கு."

அவளுக்கு நோட்டுகளை எடுத்து, இவர் சுற்றி வைத்த சணலைப் போட்டுக் கட்டிக் கொடுத்தேன்.